மின்னஞ்சல் கணக்கைப் பத்திரமாக வைத்திருக்க: மீட்பு வழியிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

ஏதாவது ஓர் இணையதளத்தின் உள்நுழைவுப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். கடவுச்சொல் கேட்கும் கட்டத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் 'கடவுச்சொல் மறந்துவிட்டதா?' என்று ஒரு வரி இருக்கும். அதைத் தொட்டால் உங்கள் மின்னஞ்சலுக்கு ஒரு லிங்க் வரும். லிங்கைத் திறந்து புதுக் கடவுச்சொல் வைத்துக்கொள்ளலாம். பழையது என்ன என்று யாரும் கேட்கப்போவதில்லை. உங்கள் மெயில் பெட்டிக்குள் ஒருவர் நுழைந்துவிட்டால் சமூக ஊடகம், புகைப்படச் சேமிப்பு, பொருள் வாங்கும் தளங்கள், வேலைக்கு விண்ணப்பித்த தளங்கள் என்று வரிசையாக ஒவ்வொன்றையும் இதே வழியில் திறந்துகொண்டே போகலாம்.

பெரும்பாலானோர் பாதுகாப்பு என்றதும் கடவுச்சொல்லைத்தான் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன், அக்காவின் கணக்கு பூட்டிக்கொள்ளும் வரை. அவள் போன் எண்ணை மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தது. புதுப் போன் வாங்கி, மெயிலுக்குள் நுழையக் கடவுச்சொல்லைச் சரியாகத்தான் போட்டாள். 'உங்கள் எண்ணுக்குக் குறியீடு அனுப்பியிருக்கிறோம்' என்று திரையில் வந்தது. அந்தப் பழைய எண் அதற்குள் வேறு யாருக்கோ போய்விட்டது. பதினோரு வருட மெயில்கள், குழந்தைகளின் படங்கள், சான்றிதழ்களின் ஸ்கேன்கள் எல்லாம் உள்ளே, அவள் வெளியே. மூன்று நாள் மாலையும் உட்கார்ந்து முயன்றோம். கடைசியில் அலமாரியில் கிடந்த பழைய லேப்டாப்பில், அவள் முன்பு வழக்கமாகத் திறக்கும் அதே பிரவுசரில்தான் கணக்கு திறந்தது. திருடன் யாரும் வரவில்லை. மீட்பு வழி செத்துப்போயிருந்தது, அவ்வளவுதான்.

அதனால் இந்த வழிகாட்டியை மீட்பு வழியிலிருந்து, அதாவது பூட்டிக்கொண்ட கணக்கைத் திரும்பத் திறக்க உதவும் போன் எண், முகவரி ஆகியவற்றிலிருந்து, தொடங்குகிறேன். கடவுச்சொல் இரண்டாவதுதான்.

தொடங்கும் முன்

ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். உங்கள் சொந்தக் கணினி, உங்கள் போன், ஒரு தாள், ஒரு பேனா போதும். அலுவலகக் கணினியிலோ நண்பரின் போனிலோ இதைச் செய்ய வேண்டாம். போனிலும் பிரவுசரிலும் புதுப்பிப்பு காத்திருந்தால் முதலில் அதை முடித்துவிடுங்கள். ஜிமெயில் என்றால் வலது மேல் மூலையில் உங்கள் படத்தைத் தொட்டு, கூகுள் கணக்கை நிர்வகிக்கும் பக்கத்துக்குப் போய், 'பாதுகாப்பு' பகுதியைத் திறக்க வேண்டும். அவுட்லுக், ஹாட்மெயில் என்றால் மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்திலும், யாஹூ என்றால் கணக்கு விவரப் பக்கத்திலும் அதே பெயரில் ஒரு பகுதி இருக்கும். பொத்தான்களின் பெயரும் இடமும் அவ்வப்போது மாறும். 'பாதுகாப்பு', 'மீட்பு' என்ற சொற்களைத் தேடினால் வழி கிடைத்துவிடும்.

படி 1: மீட்பு எண், மீட்பு முகவரி

பதிவாகியிருக்கும் போன் எண்ணைப் பாருங்கள். சில இடங்களில் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும் தெரியலாம். அந்த எண் இன்று உங்கள் கையில் இருக்கிறதா? உங்கள் பெயரில் இருக்கிறதா? பயன்படுத்தாமல் விட்ட எண்ணைத் தொலைபேசி நிறுவனங்கள் கொஞ்ச காலம் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடும். பழைய எண் இருந்தால் இப்போதே நீக்கிவிட்டுப் புதியதைப் போடுங்கள்.

அடுத்தது மீட்பு மின்னஞ்சல். இங்கே மூன்று தவறுகளை அடிக்கடி பார்க்கிறேன். ஒன்று, அலுவலக முகவரியோ கல்லூரி முகவரியோ கொடுப்பது. அங்கிருந்து வெளியேறிய நாளில் அதுவும் போய்விடும். இரண்டு, பல வருடமாகத் திறக்காத ஒரு முகவரியைக் கொடுப்பது. 2013இல் யாஹூ, நீண்ட நாள் பயன்படுத்தாத முகவரிகளை விடுவித்து, கேட்ட வேறு ஆட்களுக்குக் கொடுத்தது. உங்கள் மீட்பு முகவரி அப்படிக் கைமாறினால் உங்கள் கணக்கின் பின்கதவு முன்பின் தெரியாதவர் கையில். மூன்று, முதல் கணக்குக்கு இரண்டாவதையும் இரண்டாவதுக்கு முதலையும் மீட்பாக வைத்துவிட்டு, இரண்டையும் ஒரே போனில் மட்டும் திறந்து வைத்திருப்பது. போன் தொலைந்தால் இரண்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும்.

மீட்பு முகவரி நீங்கள் மாதம் ஒருமுறையாவது திறப்பதாக இருக்க வேண்டும். இந்த வழிகாட்டியில் உள்ள மற்ற படிகளை அதற்கும் செய்ய வேண்டும். முன்கதவுக்கு இரும்புத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைச் சாத்தாமல் விட்டால் என்ன பயன்?

மீட்பு விவரங்களை மாற்றியதும் எல்லாம் உடனே நடப்புக்கு வந்துவிடாது. கூகுள், மாற்றிய பின்பும் 7 நாள் வரை பழைய எண்ணுக்கோ முகவரிக்கோ குறியீடு அனுப்பும் வாய்ப்பைத் தரலாம். மைக்ரோசாஃப்டில் இருக்கும் எல்லாப் பாதுகாப்பு விவரங்களையும் ஒரேயடியாக மாற்றினால் 30 நாள் காத்திருக்கச் சொல்லும். திருடன் வந்து மாற்றினாலும் உங்களுக்குத் திரும்பப் பிடிக்க நேரம் கிடைக்கட்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. ஆகவே போன் எண் மாறப்போகிறது என்றால், பழைய எண் வேலை செய்யும்போதே இதை முடித்துவிடுங்கள்.

'நீங்கள் படித்த முதல் பள்ளி எது?' போன்ற பாதுகாப்புக் கேள்விகள் சில சேவைகளில் இன்னும் உள்ளன. உங்களைத் தெரிந்த பாதிப் பேருக்கு அதன் பதில் தெரியும். சம்பந்தமே இல்லாத ஒரு பதிலைக் கொடுத்துத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: கடவுச்சொல்

உங்கள் கடவுச்சொல்லை யாரோ ஒருவர் உட்கார்ந்து ஊகிப்பது அபூர்வம். வழக்கமாக நடப்பது வேறு. நீங்கள் எப்போதோ கணக்குத் தொடங்கிய ஒரு சின்னத் தளத்தின் தரவு வெளியே கசியும். அதிலிருக்கும் மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் எடுத்து, நிரல் ஒன்று நூற்றுக்கணக்கான தளங்களில் போட்டுப் பார்க்கும். பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 2013இல் யாஹூவில் நடந்த ஊடுருவல் 2016இல்தான் வெளியே தெரிந்தது. அப்போது இருந்த 300 கோடிக் கணக்குகளும் பாதிக்கப்பட்டன என்று 2017இல் அறிவித்தார்கள். எனவே மின்னஞ்சலின் கடவுச்சொல் வேறு எங்கும் இருக்கக் கூடாது. இந்த ஒரு விதியில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

எப்படி அமைப்பது? நீளம்தான் பலம். எட்டு எழுத்துக்குள் குறியீடும் எண்ணும் திணித்து நாமே மறந்துபோவதைவிட, தொடர்பே இல்லாத ஐந்தாறு சொற்களை வரிசையாக வைப்பது நல்லது. தவளை, திருகாணி, பஞ்சு, ஏணி, மூக்குத்தி, சுரங்கம் என்பது போல. (இதையே எடுத்துக்கொள்ள வேண்டாம்.) மனதுக்குத் தோன்றும் சொற்களை எடுத்தால் நம்மை அறியாமல் ஒரு தொடர்பு வந்துவிடும். அகராதியைக் கண்ணை மூடிக்கொண்டு ஆறு இடத்தில் திறந்து எடுங்கள். குறள், பாட்டு வரி, பழமொழி, பிள்ளைகளின் பெயர் எதுவும் வேண்டாம். இவை ஊகிக்கும் நிரல்களின் பட்டியலில் முதலிலேயே இருக்கும்.

நமக்கே உரிய ஒரு சங்கதி: சொற்கள் தமிழாக இருக்கட்டும், ஆனால் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள். தமிழ் எழுத்திலேயே கடவுச்சொல் வைத்தால், அவசரத்துக்கு வேறொரு கணினியில் உட்காரும்போது தமிழ் விசைப்பலகை இருக்காது. சில தளங்கள் ஏற்கவும் ஏற்காது. அதோடு ஒரே சொல்லை ஆங்கில எழுத்தில் நீங்கள் எப்படி எழுதுவீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். நெடிலுக்கு இரட்டை எழுத்தா ஒற்றையா, ழகரத்துக்கு எந்த எழுத்து என்று முடிவுசெய்து, ஒரே மாதிரி எழுதப் பழகிக்கொள்ளுங்கள்.

மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டுமா? வேண்டாம். அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட், 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே, காரணமில்லாமல் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்றக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. அப்படி மாற்றச் சொன்னால் ஆட்கள் கடைசியில் ஓர் எண்ணை மட்டும் கூட்டிக்கொண்டே போவார்கள். கசிந்தது தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். கசிவைப் பார்க்க, டிராய் ஹண்ட் என்ற பாதுகாப்பு வல்லுநர் 2013இல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளம் உள்ளது. மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால் எந்தெந்தக் கசிவில் அது சிக்கியது என்று காட்டும்.

மற்ற தளங்களின் கடவுச்சொற்களை மனதில் வைக்க முயலாதீர்கள். பிட்வார்டன், கீபாஸ், ஒன்பாஸ்வேர்ட் போன்ற கடவுச்சொல் மேலாளர் ஒன்றில் வைத்துவிடுங்கள். மனப்பாடம் செய்ய வேண்டியவை இரண்டுதான்: மின்னஞ்சலுடையது, மேலாளருடையது.

படி 3: இருபடிச் சரிபார்ப்பு

கடவுச்சொல்லைப் போட்ட பிறகு, நீங்கள்தானா என்று உறுதிசெய்ய இன்னொரு சான்றும் கேட்பதுதான் இருபடிச் சரிபார்ப்பு. கடவுச்சொல் பறிபோனாலும் கணக்கு பறிபோகாமல் காப்பது இதுதான். 'பாதுகாப்பு' பகுதியிலேயே இதை இயக்கலாம். என்ன வகை என்பதில் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

எஸ்எம்எஸ்ஸில் வரும் குறியீடு ஒன்றுமில்லாததற்கு எவ்வளவோ மேல். ஆனால் உங்கள் பெயரைச் சொல்லி டூப்ளிகேட் சிம் வாங்கிவிட்டால் குறியீடு திருடனுக்குப் போகும். எண் காலாவதியானால் என்ன ஆகும் என்பதை அக்காவின் கதையில் பார்த்தோம்.

அடுத்த வகை, குறியீடு காட்டும் ஆப். கூகுள் ஆத்தென்டிகேட்டர், மைக்ரோசாஃப்ட் ஆத்தென்டிகேட்டர் போன்றவை. 30 நொடிக்கு ஒருமுறை ஆறு இலக்க எண் மாறிக்கொண்டே இருக்கும். முதல்முறை கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யும்போது ஒரு ரகசியச் சாவி உங்கள் போனுக்கு வந்துவிடுகிறது. பிறகு போனும் அந்தச் சேவையும் அதே சாவியையும் அப்போதைய நேரத்தையும் வைத்துத் தனித்தனியே ஒரே கணக்கைப் போடுகின்றன. விடையும் ஒன்றாக வருகிறது. அதனால் இணையமோ சிக்னலோ இல்லாமலும் இது வேலை செய்யும். குறியீடு தவறு என்றே திரும்பத் திரும்ப வந்தால், பெரும்பாலும் போனின் கடிகாரம் பிசகியிருக்கும். நேரத்தைத் தானாக அமையும்படி மாற்றிவிட்டு முயன்று பாருங்கள்.

மூன்றாவது கடவுச்சாவி, பாஸ்கீ என்பார்கள். கூகுள் 2023 மே மாதம் முதல் எல்லாத் தனிநபர் கணக்குகளுக்கும் இதைக் கொடுத்தது. போனைத் திறப்பது போலவே விரல் ரேகை, முகம் அல்லது பின் எண் கொண்டு உள்ளே போகலாம். ரகசியம் அந்தத் தளத்துக்கு அனுப்பப்படுவதே இல்லை. ரகசியம் உங்களிடம் இருக்கிறது என்பதற்கான கையொப்பம் மட்டும் போகிறது. அதிலும் அந்தச் சாவி குறிப்பிட்ட தள முகவரியோடு கட்டப்பட்டது. அச்சு அசலாக ஜிமெயில் போலவே ஒரு போலிப் பக்கத்தில் நீங்கள் ஏமாந்து நின்றாலும் உங்கள் போன் ஏமாறாது. ஏமாற்று மெயிலுக்கு இதைவிட நல்ல தடுப்பு இன்று இல்லை என்பது என் கருத்து. யூஎஸ்பி வடிவில் வரும் பாதுகாப்புச் சாவிகளும் இதே வழியில்தான் இயங்கும். அதை வாங்குவதானால் இரண்டாக வாங்குங்கள். ஒன்று தொலைந்தால் மற்றது வேண்டும்.

நான் சொல்லும் அமைப்பு இது: கடவுச்சாவி ஒன்று, ஆப் ஒன்று, அடுத்த படியில் வரும் காகிதக் குறியீடுகள். இந்த மூன்றும் சோதித்துப் பார்த்து உறுதியான பின், உள்நுழைவுக்கான வழிகளிலிருந்து எஸ்எம்எஸ்ஸை எடுத்துவிடலாம். அதற்கு முன் எடுக்க வேண்டாம்.

போனில் 'உள்நுழைய முயல்வது நீங்களா?' என்று ஒரு கேள்வி வரும். நீங்கள் எங்கும் நுழையாதபோது அது வந்தால், உங்கள் கடவுச்சொல் வேறு யாரிடமோ இருக்கக்கூடும். சலித்துப்போய் 'ஆம்' தொடட்டும் என்று நள்ளிரவில் இருபது முறை அனுப்புவார்கள். 'இல்லை' தொட்டுவிட்டு உடனே கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

படி 4: காப்புக் குறியீடுகள்

போன் தொலைந்த நாளில் கைகொடுப்பது இவைதான். கூகுள் எட்டு இலக்கத்தில் 10 குறியீடுகள் தரும். ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறைதான் செல்லும். புதிதாக 10 எடுத்தால் பழையவை செல்லாது. மைக்ரோசாஃப்டில் 25 எழுத்துள்ள ஒரு மீட்புக் குறியீடு கிடைக்கும். தாளில் எழுதியோ அச்சடித்தோ, சான்றிதழ்கள், பத்திரங்கள் இருக்கும் இடத்தில் வையுங்கள். போனில் படம் எடுத்து வைத்தால் போனோடு போகும். தனக்குத்தானே மெயில் அனுப்பி வைத்துக்கொள்பவர்களையும் பார்த்திருக்கிறேன். பூட்டிய பெட்டிக்குள்ளேயே சாவியை வைப்பதால் யாருக்கும் பயனில்லை.

எழுதியதும் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். பிரவுசரில் தனிப்பட்ட சாளரம் (இன்காக்னிட்டோ) ஒன்றைத் திறந்து, போனைத் தொடாமல் ஒரு குறியீட்டால் உள்ளே போக முடிகிறதா என்று பார்க்க வேண்டும். போக முடிந்தால் அந்தக் குறியீட்டைத் தாளில் அடித்துவிடுங்கள்.

படி 5: ஏற்கெனவே உள்ளே இருப்பது யார்

'உங்கள் சாதனங்கள்' பகுதியில் கணக்கு திறந்திருக்கும் போன்களும் கணினிகளும் வரிசையாக இருக்கும். விற்றுவிட்ட போன், முன்பு வேலை பார்த்த இடத்தின் கணினி எல்லாவற்றிலும் வெளியேறுங்கள். ஊர் பெயர் வேறாக இருந்தால் உடனே பதற வேண்டாம். இணைய முகவரியை வைத்துத் தோராயமாகத்தான் இடம் காட்டுவார்கள். போன் இணையத்தில் பக்கத்து நகரத்தின் பெயர் வருவது சகஜம். சாதனத்தின் வகையையும் நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஜிமெயிலைக் கணினியில் திறந்தால் இன்பாக்ஸின் அடியில் வலது ஓரத்தில் 'விவரங்கள்' என்று சின்னதாக இருக்கும். அங்கே அண்மைய நடவடிக்கைகளைக் காணலாம்.

கணக்கின் 'பாதுகாப்பு' பகுதியில், உங்கள் கணக்கோடு இணைந்த வெளி ஆப்களின் பட்டியலும் இருக்கும். என்றோ ஒரு விளையாட்டுக்கோ படத்தொகுப்பு ஆப்புக்கோ 'கூகுள் மூலம் நுழைக' தொட்டிருப்பீர்கள். மெயிலைப் படிக்கும் அனுமதி எதற்காவது இருக்கிறதா என்று பாருங்கள். எதற்கென்று நினைவில்லாவிட்டால் நீக்கிவிடலாம். தேவைப்பட்டால் அதுவே திரும்பக் கேட்கும்.

படி 6: யாரும் எட்டிப் பார்க்காத மூலை

நண்பர் ஒருவருக்குச் சில வாரங்களாக வாடிக்கையாளர்களின் பதில் வருவது நின்றுபோயிருந்தது. ஒரு மாதம் முன்பு விசித்திரமான உள்நுழைவு எச்சரிக்கை வந்து, கடவுச்சொல்லை மாற்றியிருந்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்திருந்தார். கணினியில் செட்டிங்ஸைத் திறந்து, வரும் மெயில்களைத் தானாகப் பிரித்து அனுப்பும் வடிகட்டிகள் (ஃபில்டர்) பகுதிக்குப் போனோம். இரண்டே வரிகள் இருந்தன. 'பில்' என்ற சொல் இருக்கும் மெயில்களைப் படித்ததாகக் குறித்து நேராகக் குப்பைக்கு அனுப்பும் வரி ஒன்று. அதே மெயில்களின் நகலை வேறொரு முகவரிக்கு அனுப்பும் வரி இன்னொன்று. அந்த முகவரி நண்பருடையது போலவே இருந்தது, நடுவில் ஓர் எழுத்து மட்டும் கூடுதல். திருடன் வெளியே போன பின்பும் அவன் வைத்த குழாய் வழியாக மெயில் ஒழுகிக்கொண்டே இருந்தது.

ஆகவே கணினியில், பிரவுசரில் செட்டிங்ஸைத் திறங்கள். போன் ஆப்பில் இவையெல்லாம் தெரியாது. முதலில் வடிகட்டிகள்: நீங்கள் வைக்காத எதுவும் இருக்கக் கூடாது. அடுத்து ஃபார்வர்டிங்: மெயில்கள் தானாக வேறு முகவரிக்குப் போகின்றனவா? வேறு மெயில் ஆப்கள் உங்கள் மெயிலை எடுத்துக்கொள்ள உதவும் பாப், ஐமேப் என்று இரண்டு அமைப்புகள் இருக்கும். அப்படி எந்த ஆப்பும் நீங்கள் பயன்படுத்தாவிட்டால், மாற்ற வழி இருக்கும் இடத்தில் அவற்றை நிறுத்திவிடலாம். உங்கள் கணக்கைத் திறக்க வேறு யாருக்காவது அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, உங்கள் மெயிலுக்கு ஒருவர் பதில் எழுதினால் அது எந்த முகவரிக்குப் போகும் என்ற வரி. அங்கே உங்கள் முகவரியைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது.

படி 7: ஏமாற்று மெயிலைப் படிக்கக் கற்றுக்கொள்வது

மின்னஞ்சல் பழைய தொழில்நுட்பம். அமெரிக்கக் கணினிப் பொறியாளர் ரே டாம்லின்சன் 1971இல் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பியபோது, அந்த வலையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சியாளர்கள். 1982இல் எஸ்எம்டிபி என்ற அனுப்பும் முறையை வகுத்தபோதும், அனுப்புநர் உண்மையானவர்தானா என்று சோதிக்கும் ஏற்பாடு அதில் இல்லை. கடித உறையின் மேல் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா, அதே கதைதான். பின்னாளில் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று சோதனைகளைச் சேர்த்தார்கள். ஜிமெயிலில் ஒரு மெயிலின் மூன்று புள்ளி மெனுவில் மூல மெயிலைக் காட்டச் சொன்னால், இந்த மூன்றும் தேறியதா தவறியதா என்று மேலேயே இருக்கும். தவறியிருந்தால் சந்தேகப்படுங்கள். தேறியிருந்தால் அந்த முகவரியில் உள்ள தளத்தின் வழியாகத்தான் மெயில் வந்தது என்று மட்டும்தான் பொருள்; அனுப்பியவர் நல்லவரா என்பதை அது சொல்லாது.

அன்றாடம் செய்ய வேண்டியது இதைவிட எளிது. பெயரைப் பார்க்காதீர்கள், முகவரியைப் பாருங்கள். போனில் பெயரைத் தொட்டால்தான் முகவரி விரியும். அடுத்து லிங்க். கணினியில் சுட்டியை அதன் மேல் கொண்டுபோனால் உண்மையான முகவரி கீழே தெரியும். போனில் திறக்காமல் விரலை அழுத்திப் பிடித்தால் தெரியும். முகவரியை நாம் இடமிருந்து வலமாகப் படிப்போம். ஏமாற்றுபவர் நம்புவதும் அதைத்தான். முதல் ஒற்றைச் சாய்கோடு வரும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள். 'வங்கி புள்ளி காம் புள்ளி சரிபார் புள்ளி நெட்' என்று இருந்தால், தளத்தின் சொந்தக்காரர் 'சரிபார் புள்ளி நெட்'. முன்னால் நிற்கும் வங்கியின் பெயர் வெறும் அலங்காரம். (சில நாடுகளின் முகவரிகளில் கடைசி இரண்டு துண்டுக்குப் பதில் மூன்றைப் பார்க்க வேண்டியிருக்கும்.) எழுத்துகளையும் உற்றுப் பாருங்கள். ஆங்கில ஆர், என் இரண்டும் ஒட்டி நின்றால் எம் மாதிரியே இருக்கும்.

பூட்டுச் சின்னம் இருந்தால் நம்பலாம் என்று முன்பு சொல்வார்கள். அது வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதை மட்டுமே சொல்கிறது. போலித் தளங்களிலும் பூட்டு இருக்கிறது. எழுத்துப் பிழையைத் தேடுவதும் இப்போது பலிக்காது. மெயில்கள் பிழையில்லாமல், நல்ல தமிழிலேயே வருகின்றன. மாறாதது ஒன்று: அவசரம். இன்று மாலைக்குள் கணக்கு முடங்கும், பார்சல் திரும்பிவிடும், வழக்கு வரும் என்று எதைச் சொல்லியாவது யோசிக்க விடாமல் ஓட வைப்பார்கள். அப்படி ஒரு மெயில் வந்தால் அதிலிருக்கும் லிங்கைத் தொடாமல், அந்தத் தளத்தின் முகவரியை நீங்களே தட்டிப் போய்ப் பாருங்கள். உண்மையிலேயே பிரச்சினை இருந்தால் அங்கேயும் தெரியும். தளத்தின் முகவரி பொருந்தினால்தான் கடவுச்சொல் மேலாளர் தானாக நிரப்பும்; வழக்கம்போல் நிரப்பாமல் நின்றால், அதுவும் ஓர் எச்சரிக்கை. கையால் தட்டி நிரப்பிவிடாதீர்கள்.

பழக்கப்பட்டவரின் முகவரியிலிருந்து 'இந்தக் கோப்பைப் பார்' என்று மட்டும் வந்தால் அவரைப் போனில் கூப்பிட்டுக் கேளுங்கள். அப்புறம், உங்கள் பழைய கடவுச்சொல்லையே தலைப்பில் போட்டு, 'உன் கேமராவில் பதிவு செய்திருக்கிறேன், பணம் அனுப்பு' என்று மிரட்டும் மெயில்கள் உண்டு. நெஞ்சு படபடக்கும், தெரியும். அந்தக் கடவுச்சொல் ஏதோ பழைய கசிவிலிருந்து எடுத்தது; ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே மெயிலை அனுப்புகிறார்கள். பணம் அனுப்பாதீர்கள், பதிலும் எழுதாதீர்கள். அந்தக் கடவுச்சொல் எங்காவது இன்னும் இருந்தால் மாற்றிவிட்டு, 'ஃபிஷிங்' (ஏமாற்று மெயில்) என்று புகார் செய்யும் பொத்தானைத் தொடுங்கள்.

இருபடிக் குறியீட்டை யார் போனில் கேட்டாலும் சொல்லக் கூடாது. கேட்பவர் அந்த மெயில் நிறுவனத்தின் பணியாளர் என்று சொன்னாலும்.

படி 8: பெட்டியைச் சுத்தமாக வைத்திருப்பது

ஜிமெயில் 2004 ஏப்ரல் 1 அன்று 1 ஜிபி இடத்தோடு தொடங்கியது. இன்று இலவசக் கணக்குக்கு 15 ஜிபி. அது டிரைவுக்கும் போட்டோஸுக்கும் சேர்த்துத்தான். நிறைந்துவிட்டால் புதிய மெயில் வராது. தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் உள்ள அடையாளத்தைத் தொட்டால் அளவை வைத்துத் தேடலாம். 10 எம்பிக்கு மேற்பட்டவற்றை மட்டும் பார்த்து நீக்கினாலே நிறைய இடம் கிடைக்கும். நீக்கியவை குப்பையில் 30 நாள் இருக்கும்.

இடத்தைவிட முக்கியமான சுத்தம் ஒன்று உண்டு. அடையாள அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், கையெழுத்தின் ஸ்கேன் போன்றவற்றை யாருக்கோ எப்போதோ அனுப்பியிருப்பீர்கள். அவை இன்பாக்ஸில் இருக்காது. 'அனுப்பியவை' பகுதியில் இருக்கும். உள்ளே நுழைந்த திருடன் தேடப்போவது அதைத்தான். அங்கே போய், இணைப்பு உள்ள மெயில்களை மட்டும் வடிகட்டி, தேவையானதைக் கணினியில் இறக்கிக்கொண்டு மற்றதை நீக்குங்கள்.

விளம்பர மெயில்களுக்கு: தெரிந்த நிறுவனம் என்றால் அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் மெயில் சேவையே காட்டும் 'சந்தா விலக்கு' பொத்தானைத் தொடுங்கள். ஒரு நாளைக்கு 5,000 மெயில்களுக்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புவோர், விளம்பர மெயில்களிலிருந்து ஒரே தொடுதலில் விலக வழி தர வேண்டும் என்று கூகுள் 2024இல் விதி கொண்டுவந்தது. யாரென்றே தெரியாத ஸ்பேமில் இருக்கும் விலக்கு லிங்கைத் தொட வேண்டாம். இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று நீங்களே சொன்னதாகிவிடும்.

இரண்டு முகவரி வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். வங்கி, வரி, மருத்துவம், குடும்பம் ஒன்றில். கூப்பன், போட்டி, தெரியாத தளங்கள் மற்றொன்றில். முதல் முகவரி எவ்வளவு குறைவான பேருக்குத் தெரிகிறதோ அவ்வளவு நிம்மதி.

படி 9: நகல் எடுத்து வைப்பது

கூகுளின் 'டேக்அவுட்' பக்கத்தில் எல்லா மெயில்களையும் ஒரே கோப்பாகக் கேட்டு வாங்கலாம். எம்பாக்ஸ் வடிவில் வரும். தண்டர்பேர்ட் என்ற இலவச நிரலில் அதைத் திறக்கலாம். வருடம் ஒருமுறை வெளி ஹார்ட் டிஸ்கில் இறக்கி வையுங்கள், டிஸ்குக்கும் கடவுச்சொல் பூட்டுப் போடுங்கள்.

கணக்கு பறிபோய்விட்டால்

வரிசைதான் முக்கியம். கணினியிலோ போனிலோ வேண்டாத நிரல் இருக்கலாம் என்று தோன்றினால் வேறு நம்பகமான, ஆனால் முன்பு நீங்கள் பயன்படுத்திய சாதனத்தை எடுங்கள். மெயில் சேவையின் மீட்புப் பக்கத்தை நீங்களே தட்டித் திறந்து, வழக்கமாக இருக்கும் இடத்திலிருந்தே, வழக்கமான பிரவுசரில் முயலுங்கள். அக்காவின் கணக்கு திறந்தது இதனால்தான்: சாதனமும் இடமும் பழக்கமானவையா என்பதை இவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். கேட்கும் கேள்விக்குத் தெரிந்தவரை பதில் சொல்லுங்கள். பழைய கடவுச்சொல் நினைவிருந்தால் அதுவும் உதவும்.

உள்ளே போனதும் முதலில் கடவுச்சொல், அடுத்து எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றம், பிறகு மீட்பு எண்ணும் முகவரியும் (திருடன் தன்னுடையதைச் சேர்த்திருப்பான்), பிறகு இருபடி அமைப்பும் கடவுச்சாவிகளும், பிறகு படி 6இல் சொன்ன மூலைகள். இது முடிந்த பின்தான் வங்கி முதலான மற்றக் கணக்குகளின் கடவுச்சொற்கள். முன்னதாகவே அவற்றை மாற்றினால் அந்த லிங்குகள் திருடனின் கண்ணிலும் படும். தொடர்பில் உள்ளவர்களுக்கு 'என் பெயரில் பணம் கேட்டு மெயில் வந்தால் நம்பாதீர்கள்' என்று மெயில் அல்லாத வேறு வழியில் சொல்லிவிடுங்கள். பணம் கொடுத்தால் கணக்கை மீட்டுத் தருகிறேன் என்று சமூக ஊடகத்தில் வருபவர்களிடம் போகாதீர்கள். அவர்களிடம் தனிச் சாவி எதுவும் கிடையாது.

நீங்கள் திறக்க முடியாத நாளுக்கு

கூகுள், மைக்ரோசாஃப்ட் இரண்டுமே இரண்டு வருடம் பயன்படுத்தாத கணக்கை நீக்கலாம் என்று விதி வைத்திருக்கின்றன. கூகுள் 2023 டிசம்பரில் அப்படி நீக்கத் தொடங்கியது. பழைய படங்களும் நினைவுகளும் மட்டும் இருக்கும் கணக்கு ஒன்று உங்களிடம் இருந்தால், சில மாதத்துக்கு ஒருமுறை உள்ளே போய் வாருங்கள்.

கூகுளில் 'செயலற்ற கணக்கு மேலாளர்' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. 3 மாதத்திலிருந்து 18 மாதம் வரை ஒரு காலத்தைத் தேர்ந்தெடுத்தால், அவ்வளவு நாள் நீங்கள் கணக்கைத் தொடாவிட்டால், நீங்கள் குறித்த நபர்களுக்குச் செய்தி போகும். விரும்பினால் எந்தத் தரவை யார் எடுக்கலாம் என்றும் சொல்லலாம். பத்துப் பேர் வரை குறிக்கலாம். வீட்டில் ஒருவரைப் போட்டு, போட்டிருக்கிறேன் என்று அவரிடம் சொல்லியும் வையுங்கள்.

அக்காவின் தாளில் இப்போது நான்கு வரிகள் இருக்கின்றன: மீட்பு எண், மீட்பு முகவரி, காப்புக் குறியீடுகள், கடைசியாகச் சரிபார்த்த தேதி. பிறந்தநாளுக்கு ஒருமுறையும் அதிலிருந்து ஆறு மாதம் கழித்து ஒருமுறையும் அதை எடுத்துப் பார்க்கிறாள். தாள் எங்கே இருக்கிறது என்பது அத்தானுக்கும் தெரியும்.